சீசன் மேடைகளில் டெட்ராய்ட் பாட்டு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சீசன் நெருங்குகிறது. ஊட்டியிலும் குன்னூரிலும் கல்லூரி மாணவர்களும் தேவாலயப் பாடகர் குழுக்களும் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரிலிருந்த மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனம் அறுபதுகளில் வெளியிட்ட சோல் (அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இசைவகை) பாடல்களை ஒத்திகை பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். குரல் வளத்தில் குறையில்லை. பாட்டுக்கு முன் தொகுப்பாளர் சொல்லும் கதையில்தான் பாதி தவறு; அது பாடும் விதத்திலும் வந்து விழுகிறது. யார் குரலுக்காக, எந்தச் சுருதியில், எந்த வரிசையில் பாட்டைக் கட்டினார்கள் என்று தெரிந்தால் பாடுகிறவர்களுக்கு உதவும். காதல் தோல்விக் கதைகளால் ஒரு பயனும் இல்லை.

‘மை கேர்ள்’ பாட்டை எடுத்துக்கொள்வோம். பாடியது டெம்டேஷன்ஸ் குழு. எழுதித் தயாரித்தவர்கள் மிராக்கிள்ஸ் குழுவின் ஸ்மோக்கி ராபின்சனும் ரொனால்ட் ஒயிட்டும். அதுவரை டெம்டேஷன்ஸில் எடி கெண்ட்ரிக்ஸும் பால் வில்லியம்ஸும்தான் பெரும்பாலும் முன்னின்று பாடினார்கள். துணைக்குரலில் இருந்த டேவிட் ரஃபினின் கரகரத்த குரலை மனதில் வைத்து ராபின்சன் இதை அமைத்தார். 1964 டிசம்பரில் இசைத்தட்டு வெளியானது. 1965 மார்ச்சில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

தொடக்கத்தில் ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் கிட்டார். அதன்மேல் ராபர்ட் ஒயிட்டின் கிட்டார் ச ரி க ப த ச என்று ஏறுகிறது. மோகனத்தின் ஆரோகணமேதான். அடுத்த கார்டுக்கு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுக்கு) போகும்போது அதே ஏற்றம் மத்திமத்தையே ஆதாரமாக வைத்துத் தொடங்குகிறது. (இதை நம்பி மேடையில் ‘மோகன ராகப் பாடல்’ என்று அறிவித்துவிட வேண்டாம். ஆரோகணம் மட்டும் ராகமாகாது.) பிறகு டிரம்ஸ், குரல், துணைக்குரல்கள், ஊதுகருவிகள், வயலின்கள் என்று ஒவ்வொன்றாகக் கூடுகின்றன. இடையிசை முடிந்ததும் பாட்டே ஒரு கட்டையிலிருந்து இரண்டு கட்டைக்கு ஏறிவிடுகிறது. நம் குழுக்களில் கீபோர்டுக்காரர் முதல் வரியிலேயே வயலின் ஒலியை நிரப்பிவிடுவதால் கடைசியில் ஏறுவதற்கு இடமே இருப்பதில்லை. முதல் சரணம் முடியும்வரை அவர் கையைக் கட்டிக்கொண்டு இருக்கட்டும். சுருதியை மாற்றிப் பாடுகிறவர்கள் கடைசிச் சரணத்தை முதலில் பாடிப் பார்த்து, அதிலிருந்து இரண்டு அரைச்சுரம் இறக்கித் தொடக்கச் சுருதியை முடிவு செய்யலாம்.

சுருதியை இறக்குவதே தவறாகிவிடும் பாடல்களும் உண்டு. ஃபோர் டாப்ஸ் குழுவின் ‘ரீச் அவுட் ஐ’ல் பி தேர்’ (1966) அப்படிப்பட்டது. அதில் முன்குரல் பாடிய லீவை ஸ்டப்ஸுக்கு பாரிடோன் குரல், அதாவது ஆண்குரலில் நடுத்தர உயரம். பாட்டை எழுதிய ஹாலண்ட், டோசியர், ஹாலண்ட் மூவரும் வேண்டுமென்றே அவர் எட்டக்கூடிய உச்சத்தில் பாட்டை வைத்தார்கள். குரல் திணறிக் கூவ வேண்டும் என்பதே நோக்கம். கரோக்கி டிராக்கை இரண்டு மூன்று அரைச்சுரம் இறக்கிச் சுகமாகப் பாடினால் தொண்டை பிழைக்கும், பாட்டு போய்விடும். உங்கள் முதன்மைப் பாடகர் இயல்பிலேயே மேல் ஸ்தாயிக்காரர் என்றால் மூலச் சுருதிகூட அவருக்கு எளிது. ஏற்றித்தான் ஆக வேண்டும். ஒத்திகைக்கு ஒருமுறை மட்டும் முழுக் குரலில் பாடினால் போதும்.

சுப்ரீம்ஸ் குழுவின் ‘வேர் டிட் அவர் லவ் கோ’ (1964) இதற்கு நேர் எதிர். மார்வலெட்ஸ் குழு வேண்டாமென்று ஒதுக்கிய பாட்டு அது. அவர்களுக்கென்று அமைத்த தாழ்ந்த சுருதியிலேயே டயானா ராஸ் பாட நேர்ந்தது. அந்த அடங்கிய குரல்தான் பாட்டைத் தூக்கியது. நம் பெண் பிள்ளைகள் அதை உயர்த்திப் பாடுவது கேட்க இனிமைதான், ஆனால் அது வேறு பாட்டு. தொடக்கத்தில் கேட்பது கைத்தட்டல் அல்ல, மரப்பலகைமேல் காலால் மிதித்த சத்தம். தாளத்தின் நான்கு அடியிலும் மிதிக்க வேண்டும். நம் மலையில் பல பழைய அரங்குகளுக்கு மரத்தளம் இருப்பதால் தனிப் பலகை தேவையில்லை. ஆனால் அந்த அதிர்வு மைக் ஸ்டாண்டுக்கு ஏறி ‘தொம் தொம்’ என்று இரையும். ஸ்டாண்டுக்கு அடியில் கம்பளியை நான்காக மடித்துப் போடுங்கள்.

‘ப்ளீஸ் மிஸ்டர் போஸ்ட்மேன்’ பாட்டைக் கார்பென்டர்ஸ் பாட்டு என்றே அறிவிக்கிறார்கள். அவர்கள் பாடியது எழுபதுகளில். 1961இல் பாடியவர்கள் மார்வலெட்ஸ். மோட்டவுன் நிறுவனத்துக்கு அமெரிக்க பாப் பட்டியலில் முதல் முதலிடம் அதுதான். எழுதியவர்களில் ஒருவரான ஃப்ரெடி கோர்மன் அப்போது டெட்ராய்டில் நிஜமாகவே தபால்காரர். டிரம்ஸ் வாசித்தவர் பாடகர் மார்வின் கே.

திறந்தவெளி மேடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மாலைக் குளிரில் கிட்டாரின் கம்பி இறுகிச் சுருதி கூடும். டிரம்பெட்டும் சாக்ஸபோனும் சுருதி இறங்கும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் விலகுவதால் அறைக்குள் சேர்த்த சுருதி மேடையில் நிற்காது. கிட்டாரைப் பெட்டியிலிருந்து எடுத்து இருபது நிமிடமாவது வெளியில் வைத்தபின் சுருதி சேர்க்க வேண்டும். ஊதுகிறவர்கள் வாசிக்காத நேரத்தில் கருவிக்குள் மூச்சை விட்டுச் சூடாக வைத்திருக்க வேண்டும். கீபோர்டுக்குக் குளிரும் கிடையாது, வெயிலும் கிடையாது. எல்லோரும் அதற்கே சேரட்டும்.

தொகுப்பாளர் கையில் ஒரு சீட்டு கொடுங்கள்: பாட்டு, ஆண்டு, எழுதியவர், முன்குரல், பேஸ் வாசித்தவர். மார்வின் கேயின் 1971 ஆல்பம் வரை மோட்டவுன் தன் வாத்தியக்காரர்களின் பெயரை உறையில் அச்சிட்டதில்லை. ஜேமர்சன் பெயர் அந்தச் சீட்டில் கட்டாயம் இருக்கட்டும். விழாச் செய்தி எழுதும் உங்கள் நிருபரும் அதையே பார்த்து எழுதிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
சேர்ந்திசைப் பயிற்சியாளர்கள் சிலர்,
குன்னூர், நீலகிரி.