பழைய அமெரிக்க காருக்கு முன்பணம் அனுப்பும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முன்பு 1950-க்கு முந்தைய பழைய கார்களை மட்டும்தான் இறக்குமதி செய்ய முடிந்தது. 50 வயதைத் தாண்டிய எந்தக் காரும் வரலாம் என்று மத்திய அரசு 2025-இல் விதியைத் தளர்த்தியதிலிருந்து, மிச்சிகனில் இருக்கும் எனக்கு ஊரிலிருந்து விளம்பரங்களாக வந்துகொண்டிருக்கின்றன. "அண்ணே, இந்த வண்டி தேறுமா, பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் கூரை மடக்கும் அமெரிக்க கார்கள்: ஷெவர்லேயின் ஷெவல், கமாரோ, பான்டியாக்கின் ஜிடிஓ. பளபளக்கும் சிவப்பு பெயின்ட், வெள்ளைக் கூரை, 'முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது' என்று ஒரு வரி. அந்த வரியை நம்பிப் பணம் அனுப்பிவிடாதீர்கள் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத்தும் மில்லிங்கும் கற்றவன் நான். டெட்ராய்ட் பக்கம் வந்து ஆலைகளில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பிறகு, பழைய கார்களைச் சீர்செய்யும் நண்பர்களோடு கைவேலையில் இருக்கிறேன். இந்தக் கார்கள் மேல் எனக்குப் பெரும் பிரியம். 1964-இல் பான்டியாக் நிறுவனத்தார் நடுத்தர அளவு காருக்குள் 389 கன அங்குல இன்ஜினைத் திணித்து ஜிடிஓ என்று விற்ற துணிச்சலை இன்றைக்கு நினைத்தாலும் மனம் துள்ளுகிறது. ஆகஸ்டில் டெட்ராய்ட்டின் வுட்வர்டு சாலையில் இவை வரிசைகட்டிப் போவதைப் பார்க்கவே தனியாக நேரம் ஒதுக்கிவிடுவேன்.

கோவையில் இருக்கும் மைத்துனருக்காகச் சமீபத்தில் ஒரு வண்டியைப் பார்க்கப் போனேன். 1970 ஷெவல் எஸ்எஸ் (சூப்பர் ஸ்போர்ட் என்ற வேகமான வகை) கன்வெர்டிபிள், அதாவது கூரை மடக்கும் கார். இன்ஜின் காரோடு பிறந்தது என்று விற்பவர் அடித்துச் சொன்னார். துணியில் சுற்றிய சின்னக் காந்தத்தைப் பின்சக்கரத்துக்கு மேலே தகட்டில் வைத்தேன். ஒட்டிக்கொண்டது. கீழே இறக்க இறக்கப் பிடி தளர்ந்து, சக்கர வளைவின் ஓரத்தில் கையோடு வந்துவிட்டது. உள்ளே தகடு இல்லை, பட்டிதான். துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யாமல், பட்டியை அப்பித் தேய்த்து பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

அடுத்து இன்ஜின். ஷெவர்லே வி-8 இன்ஜினில் வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் சின்ன மேடை ஒன்று உண்டு. ஆலைக் குறியீடு அதில்தான் குத்தப்பட்டிருக்கும். 1968 முதல் காரின் சேசிஸ் எண்ணில் ஒரு பகுதியும் சேர்ந்து இருக்கும். ஆலையில் பிளாக்கின் மேற்பரப்பைப் பிரோச்சிங் முறையில், அதாவது பல் வைத்த கருவியை நேராக ஓட்டிச் சீவியதால், அந்த மேடையில் முன்னிருந்து பின்னாக மெல்லிய நேர்கோடுகள் தெரிய வேண்டும். நான் பார்த்ததிலோ கோடுகள் வளைந்து ஓடின. அது மில்லிங் கட்டரின் தடம். எண்கள் பளிச்சென்று இருந்தன. பழுது பார்க்கும்போது மேற்பரப்பைச் சீவியிருக்கலாம், தப்பில்லை. ஆனால் சீவிய பரப்பில் எண் எங்கிருந்து வந்தது? அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. நான் கிளம்பிவிட்டேன்.

சாதாரண ஷெவலை எஸ்எஸ் என்று காட்டும் இந்தப் போலி வேலை சுலபம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. 1970-இல் எஸ்எஸ் என்பது ஷெவல் வரிசையைச் சேர்ந்த மாலிபு காருக்கு மேல் காசு கட்டி வாங்கும் ஒரு தொகுப்பு, அவ்வளவுதான். சேசிஸ் எண்ணைப் பார்த்தால் மாலிபு வி-8 கன்வெர்டிபிள் என்று மட்டும் தெரியும், எஸ்எஸ் என்று தெரியாது. அமெரிக்காவில் விற்ற ஷெவர்லேக்களுக்கு ஆலைப் பதிவைத் தேடித் தரும் பொது இடம் எதுவும் இல்லை. சீட் ஸ்பிரிங்கிலோ பெட்ரோல் டேங்க்கின் மேலேயோ ஆலைத் தொழிலாளி விட்டுப்போன பில்ட் ஷீட் (அந்தக் காரில் என்னென்ன பொருத்த வேண்டும் என்ற ஆலைத் தாள்) கிடைத்தால் அதிர்ஷ்டம். கனடாவில் விற்றவற்றுக்கு மட்டும் ஜெனரல் மோட்டார்ஸ் கனடாவிடம் ஆவணம் கிடைத்துவந்தது.

பான்டியாக் வாங்குபவருக்கு இந்தத் தொல்லை குறைவு. 1966 முதல் 1971 வரை ஜிடிஓவின் சேசிஸ் எண் 242 என்றே தொடங்கும்; கன்வெர்டிபிள் என்றால் 24267. 1964, 65 வண்டிகளில் ஜிடிஓ வெறும் கூடுதல் தொகுப்பு என்பதால் எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. ஆனாலும் பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்ற அமைப்பில் எண்ணைக் கொடுத்தால், அந்தக் கார் ஆலையிலிருந்து என்னென்ன அயிட்டங்களோடு வெளியே போனது என்ற பில் நகலைக் கட்டணத்துக்குத் தருவார்கள். என்னைக் கேட்டால், தூரத்திலிருந்து வாங்குபவருக்கு முதல் கார் ஜிடிஓவாக இருப்பதே நல்லது.

மாலிபுவை எஸ்எஸ் போல மாற்றிக் கட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நன்றாகக் கட்டிய அப்படிப்பட்ட வண்டிகளை நான் ஓட்டியிருக்கிறேன், அருமையாக ஓடும். "மாற்றிக் கட்டியது" என்று சொல்லி அதற்குரிய விலைக்கு விற்கட்டும். 1971-இல் மொத்தமே சுமார் 11 கட்டிய பிளிமத் நிறுவனத்தின் ஹெமி குடா கன்வெர்டிபிளில் ஒன்று 2014-இல் சியாட்டில் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது. அசலுக்கு அப்படி விலை இருக்கும்போது, போலிக்கு அசல் விலை கேட்பது பச்சைத் திருட்டு. கஷ்டப்பட்டுச் சேர்த்த பணத்தில் ஆசைப்பட்டு வாங்குபவரை ஏமாற்றுவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

கூரை இல்லாத காரில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஷெவல், ஜிடிஓ கன்வெர்டிபிள்களின் சேசிஸ் நான்கு பக்கமும் மூடிய பெட்டி வடிவில் இருக்கும். தண்ணீர் உள்ளே புகுந்தால் துரு உள்ளிருந்தே தின்னும், வெளியே பெயின்ட் அழகாகத்தான் தெரியும். 1967 முதல் 69 வரையிலான கமாரோ கன்வெர்டிபிளில் அதிர்வை அடக்க நான்கு மூலைகளிலும் கனமான எடைகளை வைத்தார்கள். வேண்டாத பாரம் என்று பலர் கழற்றிப் போட்டிருக்கிறார்கள். அவை இருக்கின்றனவா என்று கேளுங்கள்.

தங்கள் நாளிதழில் இறக்குமதி வரி, பதிவு பற்றி எழுதும்போது இதையும் சேர்த்து எழுதுங்கள்: பெயின்ட் அடிப்பதற்கு முன் எடுத்த படங்கள், காருக்கு அடியிலிருந்து எடுத்த படங்கள், இன்ஜின் மேடையின் நெருக்கமான படம், இருந்தால் பில்ட் ஷீட் அல்லது பில் நகல். இவற்றைத் தர மறுப்பவருக்கு ஒரு டாலர்கூட முன்பணம் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெஷினிஸ்ட்,
டிராய், மிச்சிகன்