கடவுள் மேல் கேஸ் போட்டவர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே ஒமாஹாவில் நேற்று வாசல் பனியை வாரிக் கொட்டினேன். இன்று இடுப்பு நிமிர மறுக்கிறது.

அமெரிக்காவில் எங்கள் நெப்ராஸ்கா மாநிலத்தின் சட்டமன்றத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதற்கு எர்னி சேம்பர்ஸ் கதையைச் சொன்னாலே போதும். 1937இல் இதே ஊரில் பிறந்தவர். கறுப்பின மக்கள் வாழும் வடக்குப் பகுதியில் முடி வெட்டிக்கொண்டிருந்தவர், 1970 தேர்தலில் ஜெயித்து சபைக்குப் போனார். பிறகு சட்டப் பட்டமும் வாங்கினார். வக்கீலாக மட்டும் ஆகவில்லை.

2019இல் மகளைக் கூட்டிக்கொண்டு மாநிலத் தலைநகர் லிங்கனுக்குப் போனபோது, சபையில் பார்வையாளர்கள் உட்காரும் மேல்மாடத்திலிருந்து அவரைப் பார்த்தேன். கோட்டும் டையுமாக இருந்த கூட்டத்தில் இவர் மட்டும் ஜீன்ஸ், அரைக்கை ஸ்வெட்ஷர்ட். மசோதாவுக்கு ஒரு திருத்தம் கொடுப்பார், அதன்மேல் பேசுவார், அது தோற்கும். உடனே அடுத்ததை எடுப்பார். "அந்தத் தாத்தாவுக்குக் கால் வலிக்காதா?" என்றாள் மகள்.

சூட்சுமம் இதுதான். இங்கே மேலவை கிடையாது, 49 பேர் கொண்ட ஒரே சபை. அமெரிக்காவில் வேறெந்த மாநிலத்திலும் இப்படி இல்லை. கூட்டத்தொடர் ஒரு வருஷம் 90 நாள், அடுத்த வருஷம் 60 நாள். இவர் நேரத்தைக் கரைத்தால் மற்றவர்களின் மசோதா கரையேறாது. அதனால் தேடி வந்து சமரசம் பேசுவார்கள். சம்பளம் என்னவோ வருஷத்துக்கு 12,000 டாலர்தான்!

2007இல் கடவுள் மேலேயே வழக்குப் போட்டார். வெள்ளம், சூறாவளி எல்லாவற்றையும் நிறுத்தத் தடை உத்தரவு வேண்டுமாம். யார் மேலும் வழக்குப் போட எவருக்கும் உரிமை உண்டு என்று காட்டத்தான் அது. நோட்டீஸ் அனுப்ப விலாசம் இல்லை என்று அடுத்த வருஷம் தள்ளுபடி செய்தார்கள். எல்லாம் அறிந்தவருக்கு நோட்டீஸ் எதற்கு என்பது இவர் வாதம்.

தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் உறுப்பினராக இருக்கக் கூடாது என்று 2000இல் மக்கள் ஓட்டுப் போட்டார்கள். இவரை வெளியேற்றத்தான் அது என்பது ஊர்ப்பேச்சு. 2009இல் போனவர், நாலு வருஷம் பொறுத்திருந்து 2013இல் திரும்பி வந்துவிட்டார்! அப்புறம்தான் பெரிய வெற்றி. 2015இல் சபையில் நிறைவேறிய மரண தண்டனை ஒழிப்பு மசோதாவை ஆளுநர் வீட்டோ செய்து தடுத்தார். அதை மீற 30 ஓட்டு வேண்டும். சரியாக 30 கிடைத்தது. ஆனால் மறு வருஷமே மக்கள் ஓட்டுப் போட்டு அந்தத் தண்டனையைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள்.

சக உறுப்பினர்களை அவர் ஏசுவது எனக்குப் பிடித்ததில்லை. நல்ல மசோதாக்களும் அவர் பிடியில் மாட்டித் திணறின. ஆனாலும், 46 வருஷம் இருந்துவிட்டு 2021இல் அவர் விலகிய பிறகு மேல்மாடத்துக்குப் போக எனக்குத் தோன்றவில்லை.

மகள் போகலாம் என்கிறாள். மார்ச்சில் வா, மூன்று பேருமாகப் போகலாம். படி ஏற முடியுமா என்று உன் முழங்காலைக் கேட்டு எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்