ஒட்டுக்கேட்டவர்களுக்கும் ஒரு காட்சியறை வேண்டும்

ஆசிரியருக்கு,

1942 ஏப்ரல் 5 கொழும்புக் குண்டுவீச்சைப் பற்றி எழுதுவோர், முந்தின நாள் கற்றலினா என்ற கடல் விமானத்திலிருந்து ஜப்பானியக் கப்பல்களைக் கண்ட கனடிய விமானி பேர்ச்சலை மறப்பதில்லை. மார்ச் இறுதியிலேயே எச்சரித்த வானொலி ஒட்டுக்கேட்பாளர்களைப் பலரும் குறிப்பிடுவதில்லை. அந்த ஜனவரியில் சிங்கப்பூரிலிருந்து வந்து, கொழும்பில் பெம்புரோக் கல்லூரிக் கட்டடத்தில் இயங்கிய பிரிட்டிஷ் பிரிவு அது. ஏப்ரல் முடிவதற்குள் கென்யாவின் மொம்பாசாவுக்குப் புறப்பட்டது. 1943 செப்டெம்பரில் திரும்பி வந்து, அண்டர்சன் கோல்ஃப் மைதானத்தில் எச்.எம்.எஸ். அண்டர்சன் என்ற நிலையமானது.

இந்த வரலாற்றைச் சொல்ல ஒரு சிறிய காட்சியறை போதும். ஆனால் அதில் ஜெர்மானியச் சங்கேத இயந்திரமான எனிக்மாவின் மாதிரி ஒன்றை வைத்துவிட்டு ஓய்ந்துவிடக் கூடாது. இங்கே ஒட்டுக்கேட்டது ஜப்பானியக் கடற்படையின் ஜேஎன்-25 என்ற சங்கேதக் குறியீட்டை: சொற்களுக்கு ஐந்திலக்க எண்கள், அவற்றின்மேல் இன்னொரு புத்தகத்திலிருந்து கூட்டப்படும் எண்கள். இயந்திரமே கிடையாது. வைக்க வேண்டியவை கானா என்ற ஜப்பானிய எழுத்துகளுக்கான மோர்ஸ் அட்டவணை, செய்தி எழுதும் தாள், ஹெட்போன், கூடவே உண்மையாகவே ஒலிக்கும் ஒரு ரிசீவர்.

பிரிட்டிஷ் ஒட்டுக்கேட்பு நிலையங்களில் பெரிதும் புழங்கியவை அமெரிக்க ரிசீவர்களான எச்.ஆர்.ஓ.வும் ஏ.ஆர்.88ம். எச்.ஆர்.ஓ.வை வாங்கினால், அலைவரிசைக்கு ஏற்ப மாற்றிச் செருகும் அதன் சுருள் பெட்டிகளையும் சேர்த்தே வாங்குங்கள். அதன் டயல் 0 முதல் 500 வரை வெறும் எண்களையே காட்டும். அதிர்வெண்ணை அறிய சுருள் பெட்டியின் முகப்பிலுள்ள வரைபடம் வேண்டும். மின்வழங்கிப் பெட்டியும் தனி. இவை இரண்டும் இல்லாத எச்.ஆர்.ஓ. வெறும் பெட்டிதான். 14 வால்வு (வெற்றிடக் குழாய்) கொண்ட ஏ.ஆர்.88 ஏறத்தாழ 45 கிலோ. மேசையை முதலில் பலப்படுத்துங்கள். அதன் ரப்பர் உறைக் கம்பிகள் வயதாகி, தொட்டாலே உதிரும். உதிர்ந்த இடத்தில் கம்பிகள் ஒன்றோடொன்று தொட்டு ஷார்ட்டாகும்.

கிடைத்த உடனே பிளக்கில் சொருகிப் பார்ப்பதுதான் பெரிய கேடு. பழைய பேப்பர் கண்டென்சர்கள் (மின்தேக்கிகள்) ஈரம் ஏறிக் கசிகின்றன. கொழும்பின் காற்றில் இது இன்னும் மோசம். வெளியீட்டு வால்வின் கட்டுப்பாட்டு முனையான கிரிட்டுக்குப் போகும் கண்டென்சர் கசிந்தால் கிரிட்டில் நேர்மின்னழுத்தம் ஏறும், வால்வு அளவுக்கு மீறி மின்னோட்டம் இழுக்கும், வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் எரியும். அந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு மாற்றுத் தேடுவது எளிதல்ல.

ஆகவே முதலில் அந்தக் கண்டென்சரை 630 வோல்ட் ஃபிலிம் வகையால் மாற்றுங்கள். பிறகு மற்ற பேப்பர் கண்டென்சர்களை. கழற்றியவற்றை எறியாமல், எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று எழுதிப் பையில் போட்டு வையுங்கள். அவையும் காட்சிப்பொருளின் பகுதிதான். மின்னழுத்தத் தெரிவு 230க்கு இருக்கிறதா என்று பார்த்து, மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் ரெக்டிஃபையர் வால்வைக் கழற்றிவிட்டு, 60 வாட் இழை பல்பைத் தொடரில் இணைத்து இயக்குங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷார்ட், உடனே நிறுத்துங்கள். மங்கலாக எரிந்தால் மட்டுமே ரெக்டிஃபையரைப் போடலாம்.

ஏரியலைக் கட்டடத்துக்கு வெளியே உயரத்தில் கட்டி, உலோக உறை சுற்றிய கோஆக்ஸ் கேபிளில் உள்ளே கொண்டு வாருங்கள். காட்சியறையின் எல்.ஈ.டி. விளக்குகளும் சார்ஜர்களும் எழுப்பும் இரைச்சல் சன்னமான சிக்னலை விழுங்கிவிடும். மாலையில் 7 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே அமெச்சூர் வானொலியாளர்களின் மோர்ஸ் கிடைக்கும். ஒரு மாணவி ஹெட்போனை மாட்டி, இரைச்சலுக்குள் ஒரே ஒரு நிலையத்தைப் பின்தொடர்ந்து ஐந்து நிமிடம் எழுதிப் பார்க்கட்டும்.

வீடுகளில் பழைய சுருள் பெட்டிகள், வானொலிச் செய்தி எழுதிய தாள்கள் வைத்திருப்போர் தின்னரால் துடைக்க வேண்டாம், அச்செழுத்து அழிந்துவிடும். உலர்ந்த தூரிகை போதும்.

இப்படிக்கு,
பழைய ரிசீவர்களைப் பழுதுபார்க்கும் வானொலி ஆர்வலர்கள்,
கொழும்பு