பரிசேயன் பொய் சொல்லவில்லை

ஐயா,

சென்ற இதழில் வந்த சுயநீதி (தன்னைத்தானே நீதிமானாக எண்ணிக்கொள்வது) பற்றிய கட்டுரையில் ஓரிடம் உறுத்தியது. ஜெபம்பண்ண ஆலயத்துக்குப் போன இருவரைப் பற்றி இயேசு சொன்ன உவமையில் (லூக்கா 18) வரும் பரிசேயனை, அதாவது நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கைக்கொண்ட யூத சமயப் பிரிவைச் சேர்ந்தவனை, மாய்மாலக்காரன் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட்டார் கட்டுரையாளர். அவன் ஜெபத்தில் சொன்னதில் பொய் எங்கே இருக்கிறது? மோசேயின் நியாயப்பிரமாணம் உபவாசத்துக்கென்று குறித்தது ஆண்டில் ஒரே ஒரு நாள், பாவநிவாரண நாள். இவனோ வாரத்துக்கு 2 முறை உபவாசம் இருக்கிறான். சம்பாத்தியம் எல்லாவற்றிலும் தசமபாகம் (பத்தில் ஒரு பங்கு) கொடுக்கிறான். அவனை வேடதாரி ஆக்கிவிட்டால் நாம் சுலபமாகத் தப்பித்துக்கொள்ளலாம். சொன்னபடியே வாழ்ந்த ஒருவன் நீதிமானாக்கப்படாமல், அதாவது தேவன் முன் நீதிமானாக ஏற்கப்படாமல், வீடு திரும்பினான். ஆலயத்துக்குப் போன மற்றவனான, வரி வசூலிக்கும் ஆயக்காரனோ, தன்னைப் பாவி என்று சொல்லி இரக்கம் கேட்டு, நீதிமானாக்கப்பட்டுத் திரும்பினான். உவமை சுடுவது இந்த இடத்தில்தான்.

இதை எழுத எனக்குக் காரணம் உண்டு. சபையில் 12 ஆண்டுகள் காணிக்கைக் கணக்கு எழுதினேன். கூட்டல் ஒருமுறைகூடப் பிசகியதில்லை. ஆனால் யார் பெயருக்கு நேரே எத்தனை மாதம் கட்டம் காலியாக இருக்கிறது என்பது ஆராதனையிலும் கண்முன் நிற்கும். அப்படிப்பட்ட ஒருவர் முன்வரிசையில் உரக்கப் பாடுவார். என் வாய் தானாக மூடிக்கொள்ளும்.

கிருபை இலவசம் என்றால் ஒழுக்கம் எதற்கு என்று கேட்ட கட்டுரை, அதைப் பாதியில் விட்டுவிட்டது. லூக்கா அடுத்த அதிகாரத்திலேயே சகேயுவைக் காட்டுகிறார். அவனும் ஆயக்காரன்தான், அதிலும் தலைவன். “இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்” என்று இயேசு சொன்னபோது அவன் எதையும் கொடுத்திருக்கவில்லை, கொடுப்பதாக வாக்களிக்கவும் இல்லை. அதற்குப் பிறகுதான் ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு என்கிறான். அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்கிறான். தானே குற்றத்தை ஒப்புக்கொள்பவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும் என்கிறது எண்ணாகமம் 5ஆம் அதிகாரம். வாழ்நாளெல்லாம் வரி எண்ணியவனுக்கு இந்தக் கணக்கு தெரியாமலா போயிருக்கும்? கல்லான இருதயத்தை எடுத்துவிட்டுச் சதையான இருதயத்தைக் கொடுப்பேன் என்று எசேக்கியேலில் கர்த்தர் சொல்வது இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பதிவேட்டை வேறொருவரிடம் ஒப்படைத்து 2 ஆண்டுகள் ஆகின்றன. காணிக்கைப் பை முன்வரிசைக்குப் போகும்போது என் கண் இன்னும் அந்தப் பக்கம்தான் திரும்புகிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்