நம்ம யூனியன் ஸ்கூல்களின் கதையைப் புத்தகமாகப் போட ஒரு நன்கொடை வேண்டுகோள்

கடலூர் பெண்ணையாற்றங்கரை ஊர்களில் ஒன்றாம் வகுப்பு சேர்ந்த எல்லோருக்கும் வணக்கம். இப்போது மஞ்சக்குப்பத்திலோ, பாண்டியிலோ, சென்னையிலோ, துபாயிலோ, எங்கே இருந்தாலும் சரி, இது உங்களுக்குத்தான்.

நேராக விஷயத்துக்கு வருகிறோம். நம் குறுவளமையத்தில் (பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகளைச் சேர்த்த கல்வித்துறைத் தொகுப்பு) இருக்கும் ஒன்றியத் தொடக்கப் பள்ளிகள், நடுநிலைப் பள்ளிகள் எல்லாவற்றின் வரலாற்றையும் தொகுத்து ஒரு புத்தகம் போடப் போகிறோம். அதற்கு முன்னால் அந்தப் பள்ளிகளின் பழைய பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைக்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் தேவை.

இதற்கெல்லாம் எதற்குப் புத்தகம் என்று சிலர் கேட்டார்கள். கடலூர் வரலாறு என்றாலே 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி மராத்தியர்களிடம் கோட்டையை வாங்கினதில் ஆரம்பித்து, பிரெஞ்சுக்காரன் வந்தான், பீரங்கி வெடித்தது என்று கோட்டையைச் சுற்றியே வருகிறது. டவுனில் இருக்கும் பெரிய பள்ளிகளுக்கு மலர் போட ஆள் இருக்கிறது, காசும் இருக்கிறது. ஓட்டுக் கூரைக்குக் கீழே நாம் உட்கார்ந்து ‘அ’ எழுதின பள்ளிக்கு, அது எந்த வருஷம் ஆரம்பித்தது என்றுகூட சுவரில் ஒழுங்காக எழுதி இருக்காது. இருக்கிற இடத்திலும், வெள்ளை அடிக்கும்போது அதையும் சேர்த்து அடித்துவிடுகிறார்கள்.

இதற்குக் காரணம் இருக்கிறது. 1920இல் சென்னை மாகாணத்தில் ஆரம்பக் கல்விச் சட்டம் வந்தது. திண்ணைப் பள்ளிக்கூடம் இருந்த ஊர்களில் தாலுகா போர்டு பள்ளிகள் வந்தன. 1934இல் தாலுகா போர்டுகளைக் கலைத்ததும் அவை ஜில்லா போர்டு கைக்குப் போயின. அப்புறம் 1958ஆம் வருஷத்துப் பஞ்சாயத்துச் சட்டம், அதைத் தொடர்ந்து ஊராட்சி ஒன்றியங்கள், அங்கிருந்துதான் நாம் இன்னும் வாயில் வைத்திருக்கும் ‘யூனியன் ஸ்கூல்’. 1981இல் யூனியன் வாத்தியார்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள், 1993இல் தென்னாற்காடு மாவட்டமே கடலூர், விழுப்புரம் என்று இரண்டானது. இப்படிக் கை மாறும்போதெல்லாம் பள்ளிக்கூடம் இருந்த இடத்திலேயே இருந்தது, காகிதங்கள்தான் எங்கெங்கோ போய்விட்டன.

போனது போக மீதியைத் தண்ணீர் பார்த்துக்கொண்டது. 2011 டிசம்பரில் தானே புயல், 2015 மழை, 2024 டிசம்பரில் சாத்தனூர் அணையைத் திறந்து பெண்ணையாற்றில் வந்த வெள்ளம். பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தவை எல்லாம் ஊறி, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஒரு பள்ளியில் பழைய பதிவேட்டுக் கட்டுகளை எடைக்கே போட்டுவிட்டார்கள். பேர் சொல்ல வேண்டாம், வருத்தம் மட்டும் இருக்கிறது.

தப்பித்ததில் என்ன இருக்கிறது என்று கேட்டால், சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு வரியைப் பாருங்கள்: பிள்ளை பெயர், அப்பா பெயர், தொழில் ‘கூலி’, பிறந்த தேதி ஜூன் மாதத்தில் ஒன்று, நீங்கிய காரணம் ‘நீண்ட நாள் வரவில்லை’. அந்தப் பக்கம் முழுக்கப் பாதிப் பிள்ளைகள் ஜூனில்தான் பிறந்திருக்கிறார்கள்! ஐந்து வயது நிறைந்ததாகக் காட்ட ஹெட்மாஸ்டர் போட்டுக் கொடுத்த பிறந்தநாள் அது, இன்றைக்கு ஆதார் அட்டை வரைக்கும் கூடவே வருகிறது. இன்னொரு பள்ளியின் பழைய நோட்டு ஒன்றில் ஊர்க்காரர்கள் கொடுத்த சாமான்களுக்குப் பட்டியல்: ‘பெஞ்சு 4, கரும்பலகை 1, மண்பானை 2, மணி அடிக்கத் தண்டவாளத் துண்டு 1’. காமராசர் ஆட்சியில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று ஊர் ஊராக நடந்ததே, அந்தக் காலத்துப் பட்டியலாக இருக்கும். நிலம் உள்ளவர் நிலம் எழுதி வைத்தார், இல்லாதவர் பானை கொடுத்தார். அந்தத் தண்டவாளத் துண்டு இன்னும் வேப்பமரத்தில் தொங்குகிறது, மின்சார மணி கெட்டுப்போகிற அன்றைக்கு அதைத்தான் அடிக்கிறார்கள்.

1953இல் வந்து அடுத்த வருஷமே போன ராஜாஜி காலத்து அரைநேரத் திட்டத்தில் (பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் வீட்டுத் தொழில்) படித்தவர்கள் நம் ஊர்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். 1956இல் மதிய உணவு வந்தபோது தட்டோடு வரிசையில் நின்றவர்களும் இருக்கிறார்கள். வடக்கே பாகூர்ப் பக்கம் 1954 நவம்பர் வரை பிரெஞ்சு ஆட்சி, அங்கே சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் பிரெஞ்சு படித்துவிட்டு இந்தப் பக்கம் வந்து மறுபடி தமிழில் தொடங்கியவர்களும் உண்டு. எல்லோருக்கும் எண்பதைத் தொடுகிற வயது, தாண்டியவர்களும் உண்டு. இவர்களிடம் பேசிப் பதிவு செய்வதைத்தான் முதலில் முடிக்க வேண்டும், பதிவேடு இன்னும் ஒரு மழை தாங்கினாலும் தாங்கும்.

பணத்தில் பெரும்பகுதி பதிவேடுகளைப் படம் எடுக்கவும், ஒட்டிப்போன பக்கங்களைப் பிரிக்கத் தெரிந்த ஆளுக்குக் கூலி கொடுக்கவும் போகும். மீதி அச்சுக்கு. பதிவேடு எதுவும் பள்ளியை விட்டு வெளியே போகாது, தலைமை ஆசிரியர் அனுமதியோடு அங்கேயே உட்கார்ந்துதான் வேலை. பதிவேட்டில் இருக்கும் சாதி விவரம் புத்தகத்தில் வராது, உயிரோடு இருப்பவர்களின் பெயரும் அவர்கள் சம்மதம் இல்லாமல் வராது. இதில் குழுவுக்குள் ஒரு பெரிய சண்டையே நடந்தது, கடைசியில் இப்படித்தான் என்று முடிவாயிற்று.

நூறு ரூபாய் கொடுத்தாலும் ரசீது உண்டு. வங்கிக் கணக்கு விவரமும் ஜீபே எண்ணும் ரசீதுப் புத்தக அட்டையில் அச்சிட்டிருக்கிறது, உங்கள் ஊர் உறுப்பினரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 80ஜி வரிச்சலுகை நம்மிடம் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பிரான்ஸ் குடியுரிமை வாங்கிவிட்ட அண்ணன்மார், அக்காமார் தயவுசெய்து பணம் அனுப்ப வேண்டாம், வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் நமக்குப் பதிவு கிடையாது. உங்களிடமிருந்து வேண்டியது வேறு: அம்மாவின் டிரங்குப் பெட்டியில் கிடக்கும் குரூப் போட்டோ, பழைய டிசி, பரிசு வாங்கின சான்றிதழ். போனில் தெளிவாகப் படம் எடுத்து அனுப்பினால் போதும், போட்டோவில் யார் யார் என்று தெரிந்தவரை வரிசைப்படி எழுதி அனுப்புங்கள். இந்திய பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு வளைகுடாவில் இருப்பவர்கள் இங்கே உள்ள உங்கள் கணக்கிலிருந்து அனுப்பலாம்.

வரவு செலவுக் கணக்கு மாதா மாதம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வாசிக்கப்படும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் ஆற்றோரப் பள்ளிகளை முடித்துவிட நினைக்கிறோம், அதனால் கொடுக்க நினைப்பவர்கள் ஆடி பதினெட்டுக்குள் கொடுத்துவிட்டால் வசதியாக இருக்கும்.