எழுத்தோட்டத்தை ஓடவிடுங்கள்

கொழும்பிலுள்ள திரையரங்கு உரிமையாளர்களுக்கும் முகாமையாளர்களுக்கும்,

வணக்கம். போன சனிக்கிழமை இரவு பத்தரைக் காட்சிக்கு நாங்கள் நான்கு பேர் ஒரு அனிமேஷன் படம் பார்க்கப் போனோம். நால்வரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். எல்லோருக்கும் வேலை, வீடு, பிள்ளைகள் என்று ஆனபிறகு சேர்ந்து படம் பார்ப்பது அபூர்வம். அன்றைக்கு ஒருவரும் சாக்குச் சொல்லாமல் வந்ததற்குக் காரணம் எங்கள் ஐந்தாவது கூட்டாளி.

அவன் கொட்டாஞ்சேனைப் பையன். பாடம் நடக்கும்போதே கொப்பியின் மூலையில், பக்கத்துக்குப் பக்கம் ஒரு குட்டி மனிதனை வரைந்துவைப்பான். தாள்களை விறுவிறென்று புரட்டினால் அந்த மனிதன் ஓடுவான், விழுவான், எழும்புவான். இப்போது கனடாவில், வான்கூவரில், அனிமேஷன் படங்களுக்கு ஒளியமைப்புச் செய்கிறான். "கடைசியில் என் பெயர் வரும், பாருங்கடா" என்று சொல்லியிருந்தான்.

படத்தில் மழை விட்டதும் தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சம் ஈர ரோட்டில் விழும் ஓர் இடம் வந்தது. "இது அவன் செய்ததாக இருக்குமோ?" என்று பக்கத்திலிருந்தவன் என் காதில் கேட்டான். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெளிச்சத்தையும் அப்படித்தான் பார்த்தோம்.

கதை முடிந்து எழுத்தோட்டம், அதாவது படத்தில் வேலை செய்தவர்களின் பெயர்கள், வரத் தொடங்கின. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. எல்லா லைட்டும் பளிச்சென்று எரிந்தன, திரை இருண்டது. துடைப்பத்தோடு இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். கொஞ்சம் ஓடவிடச் சொல்லிக் கேட்டோம். "படம் முடிஞ்சுது தம்பி, அது சும்மா பெயர்தானே" என்றார் ஒருவர், மரியாதையாகத்தான்.

வெளியே வந்தபோது வட்ஸ்அப்பில் செய்தி கிடந்தது: "பார்த்தீங்களா?" இங்கே நள்ளிரவு, அவனுக்கு அங்கே பகல். வேலைக்கு நடுவில் காத்திருந்திருக்கிறான். வெள்ளவத்தையில் கொத்து ரொட்டிக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தோம். நால்வரில் யாருக்கும் பதில் எழுத மனம் வரவில்லை.

அது சும்மா பெயர் இல்லை, ஐயா. அனிமேஷன் படத்தில் சூரியன் தானாக உதிப்பதில்லை. ஒவ்வொரு நிழலையும் யாரோ ஒருவர் இருந்து வைத்திருக்கிறார். திரையில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒன்றரை மணி நேரப் படமென்றால் 1,29,600. ஒரு வாரம் முழுக்க உழைத்தாலும் ஓர் அனிமேட்டருக்குச் சில வினாடிகள்தான் தேறும். நடிகர்களை நாம் முகத்தால் அறிகிறோம். இவர்களை அறிய அந்த ஒரு வரிதான் இருக்கிறது. அமெரிக்க அனிமேஷன் நிறுவனமான பிக்சாரின் படங்களில், படம் தயாரான காலத்தில் அங்கே வேலை செய்தவர்களுக்குப் பிறந்த குழந்தைகளின் பெயர்களையும் கடைசியில் போடுகிறார்கள். அத்தனை வருடம் பிடிக்கிற வேலை அது.

தமிழில் குரல் கொடுப்பவர்களின் நிலையும் இதுதான். 2019இல் 'ஃப்ரோசன் 2' தமிழில் வந்தபோது கதாநாயகி எல்சாவுக்குப் பேசியவர் ஸ்ருதி ஹாசன். அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இப்படியான படங்களில் சின்னச் சின்னப் பாத்திரங்களுக்குத் தமிழ் பேசியவர்களை யார் சுவரொட்டியில் போடுகிறார்கள்?

என் அப்பாவின் காலத்தில் எழுத்தோட்டம் படத்தின் தொடக்கத்தில் வந்தது. அதைத் தவறவிட்டால் முழுப் படம் பார்த்த கணக்கில்லை என்று சொல்லி, எங்களை அவசரப்படுத்தி இழுத்துக்கொண்டு போவார். இப்போது அது கடைசிக்குப் போய்விட்டது. இடம் மாறியதால் மதிப்புக் குறைந்துவிடுமா?

உங்கள் பக்கத்துச் சிரமமும் புரிகிறது. கடைசிக் காட்சி முடிந்து துப்புரவு செய்கிறவர்களும் வீடு போக வேண்டும், அந்த நேரத்தில் கொழும்பு–காலி வீதியில் பஸ் கிடைப்பது லேசில்லை. அவர்களைப் பிந்த வைக்கும்படி நான் கேட்கவில்லை. அனிமேஷன் படங்களுக்குக் காட்சி நேரம் போடும்போதே அந்தச் சில நிமிடங்களையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். எழும்பிப் போகிறவர்களுக்குப் படிகள் தெரிகிற அளவுக்கு மட்டும் லைட் போடுங்கள். ஆட்கள் இல்லாத வரிசைகளைக் கூட்டத் தொடங்கட்டும், எங்களுக்கு அது இடைஞ்சலே இல்லை. படங்கள் இப்போது டிஜிட்டலில் ஓடுவதால், எந்த இடத்தில் லைட் எரிய வேண்டும் என்பதை முன்கூட்டியே பதிந்துவைக்கலாம். ஒருமுறை மாற்றினால் போதும்.

அந்தப் படம் இன்னும் ஓடுகிறது. வருகிற சனிக்கிழமையும் பத்தரைக் காட்சிக்கு நாங்கள் நால்வரும் டிக்கெட் எடுத்திருக்கிறோம். கைபேசியில் படம் பிடிக்க மாட்டோம், கண்ணால் பார்த்தால் போதும். ஒளியமைப்பாளர்களின் பெயர்கள் வரும்வரை திரையை அணைக்காதீர்கள். அவனுக்கு இன்னும் நாங்கள் பதில் எழுதவில்லை.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு ரசிகன்