ஸ்னோமொபைல் ட்ராக் பரிசோதனை: நவம்பர் 14, சனி

அனைவருக்கும் வணக்கம். சனி காலை 10 மணிக்கு, பேரி நகரில் வழக்கமாகக் கூடும் கராஜில்.

1. ட்ராக்கின் (பனியில் வண்டியை நகர்த்தும் ரப்பர் பட்டை) ஓரத்தில் தொங்கும் நூலை இழுக்காதீர்கள், உள்ளே வரை பிரிந்துவிடும். கூரான கத்தியால் ரப்பரை ஒட்டி வெட்டுங்கள்.

2. வண்டியின் பின்பக்கத்தை ஸ்டாண்டில் உயர்த்தி, ட்ராக்கை மெதுவாகச் சுழலவிட்டுப் பாருங்கள். பின்னால் யாரும் நிற்கக் கூடாது. ட்ராக் ஒதுங்கும் பக்கத்து அட்ஜஸ்டர் போல்ட்டை (ட்ராக்கின் இறுக்கத்தைச் சரிசெய்வது), எஞ்சினை நிறுத்திவிட்டு, கால் சுற்று இறுக்குங்கள். ஓரம் ஒரே பக்கம் பிய்ந்தால் பெரும்பாலும் காரணம் ட்ராக் இப்படி ஒதுங்குவதுதான்.

3. உள்ளிருக்கும் ஃபைபர் கம்பி உடைந்திருந்தாலோ, குறுக்கே கிழிந்திருந்தாலோ ஓட்டவே வேண்டாம். மாற்றியே ஆக வேண்டும்.

4. வண்டியின் மேனுவல், டார்க் ரெஞ்ச் (போல்ட்டைக் குறித்த அளவுக்கு இறுக்கும் கருவி) கொண்டுவாருங்கள்.

வருபவர்கள் வண்டி மாடல், ட்ராக் ஓரத்தின் படத்துடன் வியாழன் இரவுக்குள் பதிலிடுங்கள்.